ஏட்டுப் பாட்டனும் வீட்டுப் பாட்டனும்

1860-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அந்நாளில் சென்னைக்குக் கட்டப்பட்ட துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கு எட்டி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டி ஆட்களைக் கொண்டுபோய் அதில் ஏற்றும். நவம்பர் 16-ஆம் நாள் அக்கப்பல் தர்பன் துறையை அடைந்தபோது அதில் 342 பேர் இருந்தனர். பத்து நாட்கள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடியர்' என்னும் மற்றொரு கப்பல் வந்து சேர்ந்தது. இவ்வாறு தொடங்கிய ஒப்பந்தக் கூலிப் போக்குவரத்து 1911 வரை நீடித்தது. 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர் என்பது ஆய்வாளர் கூறும் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்; தமிழரும் தெலுங்கருமாகிய எளிய மக்கள்.

இத்தனை பேரில் ஒவ்வொருவருக்கும் கப்பற் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதப்பட்ட வரி அது. சிலருக்குப் பின்னாளில் ஒரு குறிப்பும் சேர்க்கப்பட்டது. இன்ன ஆண்டில் இறந்தார், இன்ன கப்பலில் ஊர் திரும்பினார் என்பது போன்ற குறிப்பு. அப்பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் இன்றும் காக்கப்படுகின்றன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா என்னும் வரலாற்றாசிரியர் 1991-இல் ஒரு நூலே வெளியிட்டார். இப்போதோ அப்பட்டியல்களின் படிகளைக் கணிப்பொறியில் வீட்டிலிருந்தபடியே தேடலாம். தமிழ் பேச மறந்துபோன கொள்ளுப்பேரர்கள், ஆங்கிலேயன் காதில் விழுந்தபடி எழுதிய ஓர் ஊர்ப்பெயரைக் குறித்துக்கொண்டு, வடஆர்க்காட்டிலும் சேலத்திலும் தஞ்சையிலும் தெருத்தெருவாக விசாரிக்கிறார்கள். ஊரார் அவர்களை அன்போடு வரவேற்பதும் உண்டு. நிலத்தில் பங்கு கேட்க வந்தவரோ என்று ஐயுற்று வாயை மூடிக்கொள்வதும் உண்டு.

இத்தேடலில் எழும் ஓர் அறவினாவைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன். ஒரு குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த பாட்டன் ஒருவர். பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் பாட்டன் வேறொருவர். வீட்டுப் பாட்டன் நல்ல குடியிற் பிறந்து, தமையனோடு பூசலிட்டு, மானத்தின் பொருட்டு ஊரைவிட்டு வெளியேறியவர். ஏட்டுப் பாட்டனோ பஞ்சத்தில் அடிபட்ட பண்ணையாள். வீட்டுப் பாட்டி தாலி கட்டிய கணவனோடு கப்பலேறினாள். ஏட்டுப் பாட்டி தனியாக வந்த இருபது வயதுப் பெண். இருவருள் எவர் மெய்? மெய் இன்னதென்று தெரிந்தபின் அதை வீட்டில் சொல்ல நாம் கடமைப்பட்டவர்களா? முன்னோர் வேண்டுமென்றே மூடி வைத்த கதவைத் திறக்க நமக்கு உரிமை உண்டா?

முதல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏட்டில் எழுதப்பட்டதே மெய் என்று கொள்ளும் பழக்கம் படித்தவர்களிடம் மிகுதி. அரசாங்கத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறவனுக்கு அந்த மயக்கம் அவ்வளவாக இராது. பதிவேடு எப்படி நிரம்புகிறது என்பதை அவன் நாள்தோறும் காண்கிறான். கட்டம் என்று ஒன்று போடப்பட்டுவிட்டால் அது நிரப்பப்பட்டாக வேண்டும். எதிரே நிற்பவருக்கு விடை தெரியாவிட்டாலும் மேலதிகாரி வெற்றுக் கட்டத்தை ஒப்புக்கொள்ள மாட்டார். அப்போது எழுத்தர் ஒன்றை ஊகித்து எழுதுவார். எழுதிய மை உலர்ந்ததும் ஊகம் உண்மையாகிவிடும். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து இன்னொரு பதிவேட்டில் எழுதுவார். மூன்று பதிவேடுகளில் ஒரே செய்தி இருந்தால் அதற்கு மூன்று சாட்சிகள் உண்டென்று உலகம் நம்பும். உண்மையில் சாட்சி ஒருவர்தாம்; அவரும் ஊகித்தவர்.

நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் கூலி டிப்போவில் நடந்திருக்கக் கூடியதை இப்படித்தான் மனத்தில் காண முடிகிறது. கூட்டம்; அவசரம்; கேள்வி ஆங்கிலத்தில்; இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர். உன் வயது என்ன என்று கேட்டால், பெருவெள்ளம் வந்த ஆண்டில் பிறந்தேன் என்று விடை வரும். எழுத்தர் ஆளை ஏற இறங்கப் பார்த்து 25 என்றோ 30 என்றோ எழுதுவார். இத்தகைய பட்டியல்களில் இருபதும் இருபத்தைந்தும் முப்பதும் குவிந்து கிடப்பதற்குக் காரணம் அதுவே. ஜாதிக் கட்டத்திலே 'மலபார்', 'ஜெண்டூ' என்ற சொற்களைக் காணலாம். அக்கால ஆங்கிலேயர் வழக்கில் தமிழருக்கு மலபார் என்றும் தெலுங்கருக்கு ஜெண்டூ என்றும் பெயர். அவை ஜாதிகள் அல்ல. ஆனால் கட்டம் நிரம்பிவிட்டது.

இங்கே ஒரு சிறு செய்தி. மைய அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் உள்ள பணிப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், உயரம், அங்க அடையாளம் என்னும் கட்டங்கள் உண்டு. ட்ரூரோ கப்பலின் பட்டியலை முதன்முறை பார்க்கும் எந்த ஊழியருக்கும் அது பழகிய காகிதமாகவே தோன்றும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மெய்யை அறியும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். காட்சி, கருதல், உரை என மூன்றையும் பலரும் ஒப்புவர். சமயத்துக்குச் சமயம் எண்ணிக்கை மாறும். மணிமேகலையில் இவ்வளவைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. அதே காப்பியத்தில் கப்பல் தொடர்பான ஒரு கதையும் உண்டு. நம் பொருளுக்கு அது மிகப் பொருந்துவது. சாதுவன் என்னும் வணிகன் பொருளைக் கணிகையிடத்தும் சூதிலும் இழந்து, வணிகரோடு மரக்கலம் ஏறுகிறான். கலம் உடைகிறது. தப்பி வந்த வணிகர்கள் சாதுவனும் மாண்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். அவன் மனைவி ஆதிரை தீயில் இறங்குகிறாள்; தீ அவளைச் சுடவில்லை. உன் கணவன் உயிரோடு நாகர் மலையில் இருக்கிறான் என்று வானிலிருந்து ஒரு குரல் எழுகிறது. பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் அவன் திரும்பியும் வருகிறான்.

இக்கதையைக் கற்பின் பெருமைக்காகவே சொல்லுவர். நான் அந்த வணிகர்களைப் பற்றி அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் பொய்யர் அல்லர். கலம் உடைந்ததைக் கண்ணாற் கண்டனர், அது காட்சி. சாதுவன் கரையேறவில்லை என்பதும் காட்சியே. ஆகவே அவன் இறந்திருப்பான் என்றது கருதல். ஊரில் வந்து சொன்னபோது கண்டதையும் கருதியதையும் ஒரே குரலில் சொன்னார்கள். கேட்ட ஆதிரைக்கு இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. சிதை அடுக்கும் அளவுக்கு அவள் அதை நம்பினாள். பதிவேடுகளும் அப்படித்தான் பேசுகின்றன. எழுத்தர் கண்டது எது, கருதியது எது, கேட்டது எது என்று பிரித்துக் காட்ட மை ஒரே நிறத்தில் இருக்கிறது. நமக்கோ வானிலிருந்து குரல் வருவதில்லை. ஆகவே கட்டத்துக்குக் கட்டம் நம்பிக்கையின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கப்பல் வந்த நாள் எழுத்தரே கண்டது, நம்பலாம். கன்னத்து மச்சமும் காலில் உள்ள தழும்பும் கண்டு எழுதியவை, நம்பலாம். வயது ஊகம். ஊர் காதில் விழுந்த ஒலி. ஜாதியும் கணவன் மனைவி உறவும் எதிரே நின்றவர் சொல்லத் துணிந்தவை.

துணிந்தவை என்று சொன்னேன். எதிரே நின்றவர் பொய்யே சொல்லியிருந்தால்? வட இந்தியாவிலிருந்து ஃபிஜிக்கும் பிற தீவுகளுக்கும் சென்றவர்களின் வரலாற்றை எழுதியோர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகள் மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகளையே விரும்பினர். ஆகவே மேற்குலத்தார் சிலர் தம் ஜாதியை மறைத்து உழவர் என்று எழுதிக்கொண்டனர். மறுபுறம், ஊரில் எந்தப் பெயரால் அடிபட்டாரோ அந்தப் பெயரைக் கடற்கரையில் உதறிவிட்டு வேறொன்றைச் சொன்னவர்களும் இருந்திருக்கவே வேண்டும். கடல் ஒரு நல்ல எல்லை. அதற்கப்பால் உன் பாட்டன் யார் என்று கேட்க மணியக்காரர் இல்லை.

அது பொய்யா? ஒருவன் தன்னைப் பற்றித் தன்னை அடிமைப்போல் வாங்குகிறவனிடம் சொல்லும் சொல்லுக்கும், தன் மனைவியிடம் சொல்லும் சொல்லுக்கும் ஒரே தராசா? வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் கூறுகையில் பிறர்க்குத் தீங்கு இல்லாமையையே அளவுகோலாக வைத்தார். நிகழ்ந்ததை அப்படியே ஒப்புவித்தல் என்பதை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. அவ்வகையில் நோக்கினால், டிப்போ எழுத்தரிடம் பெயரையும் குலத்தையும் மாற்றிச் சொன்னவன் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. சொல்லப்போனால் அன்று அவனுக்கு உடைமையாக மிஞ்சியிருந்தது அந்தச் சொல் ஒன்றே. உடல் உழைப்பை ஐந்தாண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். தன்னை இன்னான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. நூறாண்டு கழித்து, ஆராய்ச்சி என்ற பெயரில், அவன் உதறிய பெயரைத் தேடி எடுத்து அவன் பேரன் நெற்றியில் மறுபடியும் ஒட்டுவது நல்ல செயலாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பேரனே விரும்பித் தேடினால் அது வேறு.

முன்பு சொன்ன வேற்றுமைக்கு வருகிறேன். அரசு ஊழியரின் அங்க அடையாளம் அவரது ஊதியமும் ஓய்வூதியமும் வேறொருவர் கைக்குப் போகாதிருக்கக் குறிக்கப்படுவது. கூலியின் அங்க அடையாளமோ அவன் தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துக் கொணர்வதற்கும் உதவுவது. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால் முதலாளி உரிமை வழக்குத்தான் தொடரலாம். ஒப்பந்தக் கூலி விட்டுச் சென்றாலோ அது குற்றம், சிறை உண்டு. ஆக, இன்று கொள்ளுப்பேரன் கண்ணீர் மல்கத் தொட்டுப் பார்க்கும் அந்த வரி, பாட்டனைக் கட்டிய கயிற்றின் ஒரு இழை. பிடிப்பதற்காக எழுதியதே இன்று சேர்த்துவைக்கப் பயன்படுகிறது. நன்றி சொல்வதா, சினங்கொள்வதா என்று தெரியாத நிலை இது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஏடு எப்போதும் வலியவன் பக்கமே நிற்கும் என்றும் கூற இயலாது. 1894-இல் தர்பனில் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலி, முன்பற்கள் இரண்டு உடைந்து இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையிலேந்தி, இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளிடம் வந்து நின்ற நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. முதலாளி அடித்த அடி அது. காந்தியடிகள் முதலில் செய்தது என்ன? மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதைக் கொண்டே நடுவர் முன் வழக்கு நின்றது. முடிவில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. தமிழ் அறியாத காந்தியடிகளுக்கு அவனுடைய துயரத்தை எடுத்துரைத்தவர் அவரிடம் எழுத்தராக இருந்த ஒரு தமிழர். தன் வரலாற்றில் அந்நிகழ்ச்சியைக் கூறும் இடத்தில் அவர் அந்த எழுத்தரின் பெயரைச் சொல்லவில்லை. என் போன்றவர்கள் அந்த வரியைச் சற்று நின்று படிப்போம்.

இன்னொன்றையும் கூற வேண்டும். 1871-இல் 'ரெட் ரைடிங் ஹூட்' என்னும் கப்பலில், ஒப்பந்தம் முடிந்த முதற்கூட்டத்தார் நேட்டாலிலிருந்து சென்னைக்குத் திரும்பினர். அங்கே தங்களுக்குச் சேரவேண்டிய கூலி பிடித்துக்கொள்ளப்பட்டது, அடிபட்டோம் என்று அவர்கள் சென்னை அதிகாரிகளிடம் முறையிட்டனர். எழுத்தறியாதவர்களின் வாய்மொழி அது. அதை யாரோ எழுதிக்கொண்டனர். எழுதியது மேலே சென்றது. விளைவாக 1872-இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. ஏற்கனவே 1866-இல் நின்றிருந்த ஆள் ஏற்றுமதி, சீர்திருத்தங்களுக்குப் பின்னரே 1874-இல் மீண்டும் தொடங்கியது. சீர்திருத்தம் போதுமானதாக இருந்ததா என்பது வேறு கதை. ஆனால் வீட்டுப் பேச்சு தாழ்ந்தது, ஏடே உயர்ந்தது என்று கருதுவோர் இதை நினைவிற் கொள்ளலாம். அந்த ஏட்டுக்குள் இருப்பதே பேச்சுத்தான்.

இனி, மூடிய கதவைத் திறக்கும் வினா. இதில் இருவகை மௌனங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ஒவ்வொரு கப்பலிலும் இத்தனை ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்று சட்டம் ஒரு விகிதம் விதித்தது. நெடுங்காலம் அது நூற்றுக்கு நாற்பது. அந்த எண்ணிக்கையை நிரப்ப ஆள்பிடிப்போர் விதவைகளையும் கணவனால் கைவிடப்பட்டவர்களையும் திருவிழாக் கூட்டத்தில் வழி தவறியவர்களையும் தேடினர். தனியே வந்த பெண் டிப்போவிலோ கப்பலிலோ ஓர் ஆணோடு சேர்ந்துகொண்டாள். ஐயர் இல்லை, மேளம் இல்லை. பின்னர் அவர்கள் ஐம்பதாண்டு ஒன்றாக வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, முருகனுக்குக் கோயில் கட்டி, காவடி எடுத்தனர். ஊரிலேயே திருமணமாகி வந்தோம் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். இந்தச் சொல்லை ஒரு கப்பற் பட்டியலைக் காட்டிப் பொய்யாக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அந்த மௌனம் அவர்கள் உழைத்துச் சேர்த்த சொத்து. பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் விட்டுச் சென்ற வீடுபோல அதுவும் ஒன்று.

மற்றொரு மௌனம் உண்டு. மனைவியையும் இரு குழந்தைகளையும் ஊரில் விட்டு, தனியாள் என்று சொல்லிக் கப்பலேறிய ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அக்கரையில் வேறு குடும்பம். இக்கரையில் ஒருத்தி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு அவன் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாது. நெற்றியில் குங்குமம் வைப்பதா வேண்டாமா என்றும் தெரியாது. ஆதிரைக்குக் கிடைத்த குரல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவனுடைய அக்கரைப் பேரர்களுக்கு அவன் குலமுதல்வன்; படத்துக்கு மாலை போடுகிறார்கள். இக்கரைப் பேரர்களுக்கு அவன் பெயரே சொல்லக் கூடாத பெயர். இங்கே பட்டியலின் வரி திறக்கப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இறந்தவனுடைய மானத்தைக் காக்கும் மௌனம் இன்னொருத்தியின் வாழ்வை இல்லையென்று ஆக்குகிறது. அவள் இருந்தாள் என்பதற்கு அவனது புறப்பாட்டு நாளும் ஊர்ப்பெயரும் தவிர வேறு சான்று உலகில் இல்லை.

இவ்வளவு தெளிவாக எல்லாக் குடும்பக் கதைகளும் இரண்டாகப் பிரிந்துவிடா என்பதை அறிவேன். முதல் வகை என்று நாம் போற்றும் பாட்டியே, ஊரில் ஒரு குழந்தையை விட்டு வந்தவளாக இருக்கலாம். பஞ்சத்தில் ஒரு குழந்தையை உறவினரிடம் விட்டுச் செல்வதைக் கைவிடுதல் என்பதா, காப்பாற்றுதல் என்பதா? பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியோர் சொல்லும் 1876-78 பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் எத்தனையோ இலட்சம் பேர் மாண்டனர். அந்த ஆண்டுகளில் கப்பலேறியவர்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், வயிறு நிறைய உண்டு உட்கார்ந்திருப்பவர் சற்று வாயடக்கம் காட்டலாம்.

பட்டியலைத் தேடுவோரிடம் நான் காணும் ஒரு குறை உண்டு. தம் பாட்டன் வரியைக் கண்டதும் மகிழ்ந்து, அதைப் படியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு ஏட்டை மூடிவிடுகின்றனர். மேல் வரியிலும் கீழ் வரியிலும் இருப்பவர் எவர்? அதே ஊரிலிருந்து ஒரே நாளில் வந்த மூவர் எவர்? அடுத்த எண்ணுக்குரிய பெண் ஓராண்டில் இறந்தாள் என்று குறிப்புக் கூறுகிறதே, அவளுக்கு வாரிசு எவர்? பேரன் இல்லாதவர்களைத் தேட எவரும் வருவதில்லை. கப்பலில் நோயுற்று இறந்து கடலில் இடப்பட்டவர்களுக்கும் அதே பட்டியலில் எண் உண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவர் ஒரு பக்கத்தையேனும் மேலிருந்து கீழ்வரை முழுமையாகப் படித்தால், தம் பாட்டனைப் பற்றிய பெருமிதமும் வெட்கமும் ஒருங்கே அளவுக்கு வரும் என்று நினைக்கிறேன். அரச பரம்பரையைக் கண்டுபிடிக்கும் ஆசையோடு ஏட்டைத் திறக்கிறவர்களுக்கும் அது நல்ல மருந்து.

இதிலே வருத்தத்துக்குரிய ஒரு விந்தை. கட்டுண்டு போனவனுக்கு ஏடு உண்டு. கட்டின்றிப் போனவனுக்கு அநேகமாக இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்னால் நடந்துபோனவர்களும், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சொந்தச் செலவில் மேல்தளப் பயணிகளாகச் சென்றவர்களும் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எஞ்சியுள்ளனர். இன்ன மாதம் இத்தனை தலை என்பதோடு சரி. இலங்கைக்குப் போனவர்களுக்குத் தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது; அதில் பொறித்திருந்தது எண். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' கப்பலை நம் குடும்பங்களில் அறியாதார் குறைவு. அதில் போனவர்கள் ஆயிரமாயிரம். 1942-இல் பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களில் வழியில் விழுந்தோருக்குப் பட்டியல் ஏது?

அவர்களைப் பொறுத்தவரை வீட்டுப் பாட்டன் ஒருவரே உண்டு. ஏட்டுப் பாட்டன் இல்லை. வீட்டிலே கிடக்கும் சில்லறைக் காகிதங்களே மூல ஆவணங்கள். மொய்க் கணக்கு நோட்டு, ஜாதக ஓலை, மணியார்டர் ரசீது, ரங்கூனிலிருந்து வந்த அஞ்சலட்டை, அடகுச் சீட்டு ஆகியவை. நகரத்துக் குடியிருப்புகளில் இடம் போதாது என்று நாம் தீபாவளிக்கு முன் பழைய தாள்காரனுக்குப் போடும் கட்டுகளில் இவை இருக்கக் கூடும். எண்பது வயதான ஒரு பாட்டி இருக்கும் வீட்டில், அவளுடைய தாயின் பெயரையும் தாயின் தாயின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். தந்தை வழியில் ஏழு தலைமுறை ஒப்பிக்கும் குடும்பத்திலும் தாய் வழியில் மூன்றாவது பெயர் அநேகமாகத் தெரியாது. கேட்கும்போது அவள் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டா. சொல்ல விரும்பவில்லை என்பதையும் கண்டது, கருதியது, கேட்டது என்று பிரித்து எழுதுகிறவர் எழுதி வைக்கலாம்.

நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே. கடல் தாண்டவில்லை, இரண்டு இரவு ரயிலில் வந்தோம். இங்குள்ள படிவங்கள் நம்மிடம் குடும்பப் பெயர் கேட்கின்றன. நமக்கு அப்படி ஒன்று இல்லை. தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள். விரித்தால் ஒருவருக்கு ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் முன்னால் வந்து, சொந்தப் பெயர் கடைசியில் நின்று, அதுவே குடும்பப் பெயராகிவிடுகிறது. அவர் மனைவிக்கு ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். சில குடும்பங்களில் ஜாதிப்பெயரை விட்டொழித்த தகப்பனின் பிள்ளைக்கு, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக, எழுத்தர் ஒருவர் அதை மீண்டும் சேர்த்திருக்கிறார். சொந்த ஊர் என்ற கட்டத்தில், அந்த ஊரை இரண்டு முறை விடுமுறையில் மட்டுமே பார்த்த பெண்ணுக்குக் கும்பகோணம் என்றோ பாளையங்கோட்டை என்றோ எழுதுகிறோம். அவளைக் கேட்டால் கரோல்பாக் என்பாள், மாதுங்கா என்பாள்.

எகிப்து நாட்டில் செங்கடற்கரையிலே குசேர் அல்-கதீம் என்னும் பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பெயர்கள் கிடைத்தன. கணன் என்று ஒன்று, சாதன் என்று ஒன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை. தகப்பன் பெயர் இல்லை, குலம் இல்லை, வயது இல்லை, அங்க அடையாளம் இல்லை. அவர்கள் எந்த ஊரிலிருந்து எந்தக் கலத்தில் போனார்கள், திரும்பினார்களா என்பதற்கு அவ்வோடுகளில் விடை கிடையாது. அங்கே எழுத்தர் எவரும் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தம் பானைக்கு அடையாளமாகத் தாம் விரும்பிய அளவு எழுதிவிட்டு அவர்கள் போயிருக்கிறார்கள்.